பட்டு ஊரில் பட்டாளக் கேள்வி

ஜூன் மாதத்து மதியம். ஆரணி பஸ் நிலையத்தை ஒட்டிய ப்ரௌசிங் சென்டரில் சாதிச் சான்று, வருமானச் சான்று, பட்டா நகல் என்று கூட்டம் நெருக்குகிறது. பன்னிரண்டாம் வகுப்புப் பையன் ஒருவன் திரையிலிருந்து கண்ணை எடுக்காமல் நிற்கிறான். பக்கத்தில் அப்பா. தறியை விட்டு எழுந்து அப்படியே வந்திருக்கிறார். சட்டைத் தோளில் அரக்குச் சிவப்புப் பட்டிழை ஒன்று ஒட்டியிருக்கிறது.

“தரைப்படை, கடற்படை, விமானப்படை, நேவல் அகாடமி... நாலு கேக்குது சார். முதல் விருப்பம் இன்னா போடட்டும்?” என்கிறார் கணினியில் இருப்பவர்.

அப்பா மகனைப் பார்க்கிறார். “எதுல தம்பி சம்பளம் ஜாஸ்தி?”

“எல்லாத்துலயும் ஒண்ணுதான்பா.”

“அப்ப எது நம்ம ஊருக்குக் கிட்ட?”

பின்னால் நிற்பவருக்குப் பொறுமை போய்விட்டது. “எதையாவது போட்டு முடிங்கப்பா, எனக்கு ஈ.சி. எடுக்கணும்.”

நிரப்பப்படுவது என்.டி.ஏ. விண்ணப்பம். புனே அருகே கடக்வாஸ்லாவில் இருக்கும் தேசியப் பாதுகாப்பு அகாடமிக்கு யு.பி.எஸ்.சி. ஆண்டுக்கு இருமுறை நடத்தும் தேர்வு. 2024 தீபாவளிக்கு ‘அமரன்’ படம் வந்தது. 2025 மே மாதம் ஆபரேஷன் சிந்தூர் பற்றி நாட்டுக்கு விளக்கிய ராணுவப் பெண் அதிகாரியைத் தொலைக்காட்சியில் எல்லோரும் பார்த்தார்கள். அதே மாதம் 30-ஆம் தேதி கடக்வாஸ்லாவில் இருந்து முதன்முறையாகப் பெண்கள், 17 பேர், பயிற்சி முடித்து வெளியே வந்தார்கள். பிளஸ் டூ பிள்ளைகள் இருக்கும் வீடுகளில் பேச்சு கிளம்ப இது போதாதா? ‘இன்ஜினீயரிங் கவுன்சலிங்கா, நர்சிங்கா’ என்று மட்டும் போய்க்கொண்டிருந்த உரையாடலில் மூன்றாவதாக ஒன்று நுழைந்திருக்கிறது. அதைப் பற்றி யாரிடம் கேட்பது என்பதுதான் சிக்கல்.

சிப்பாய் தெரியும், அதிகாரி தெரியாது

பட்டாளம் இந்தப் பக்கத்துக்குப் புதிதல்ல. 1751 டிசம்பரில் ராபர்ட் கிளைவ் சந்தா சாகிப்பின் மகன் ராசா சாகிப்பை எதிர்த்துப் போரிட்டது ஆரணியில். 1782-இல் ஹைதர் அலியும் ஆங்கிலத் தளபதி அயர் கூட்டும் மோதியதும் இதே ஊரில்தான். 1806-இல் சிப்பாய்கள் எழுந்த வேலூர்க் கோட்டை ஒரு மணி நேர பஸ் பயணத்தில் இருக்கிறது. அந்த வேலூர்ச் சாலையை ஒட்டி, கணியம்பாடி ஒன்றியத்தில் இருக்கும் கம்மவான்பேட்டைக்கு ‘ராணுவப்பேட்டை’ என்றே பெயர். வீட்டுக்கு ஒருவராவது படையில் இருப்பார், அல்லது இருந்து ஓய்வு பெற்றிருப்பார்.

ஆனால் ஊர் அறிந்தது சிப்பாய் வழி. அதிகாலையில் ஓட்டம், ஆள்சேர்ப்பு முகாம், பதினேழு வருஷமோ இருபது வருஷமோ சர்வீஸ், பிறகு பென்ஷன், கேன்டீன் கார்டு, பாங்கியில் செக்யூரிட்டி வேலை. இதை யாரும் யாருக்கும் சொல்லித்தர வேண்டியதில்லை. 2022 ஜூனில் அக்னிபத் திட்டம் வந்ததும் அந்தப் பாதை மாறிப்போனது. இப்போது நான்கு ஆண்டுதான்; நான்கில் ஒருவருக்கு மட்டுமே நிரந்தர இடம். மற்றவர்கள் சேவா நிதி என்று ஏறத்தாழ 11.71 லட்சம் ரூபாயுடன் வீடு திரும்ப வேண்டும். பென்ஷனுக்காகவே பட்டாளத்தை நம்பியிருந்த குடும்பங்களுக்கு இது பெரிய அடி. ‘போனா ஆபீசராத்தான் போகணும்’ என்ற பேச்சு இப்போது எழுவதற்கு அமரனைவிட அக்னிபத்தான் காரணம் என்பது என் எண்ணம்.

இன்னொரு பக்கம் தறி. ஆரணியில் பிள்ளை தறியில் உட்கார வேண்டும் என்று ஆசைப்படும் நெசவாளரைத் தேடித்தான் பிடிக்க வேண்டும். பட்டு விலை ஏறும், ஜரிகை விலை ஏறும்; கூலி ஏற மட்டும் பேச்சுவார்த்தை நடக்கும். குழித்தறியில் கால் தொங்கப் போட்டு உட்கார்ந்தே இடுப்பும் முட்டியும் போனவர்கள், ‘என்னோட போகட்டும் இது’ என்கிறார்கள். ஊரைவிட்டுப் போக பிள்ளைக்கு அனுமதி ஏற்கெனவே கிடைத்தாகிவிட்டது. திருப்பூரா, ஓசூரா, ஸ்ரீபெரும்புதூரா, கடக்வாஸ்லாவா என்பதுதான் பாக்கி.

> பெட்டிச் செய்தி: என்.டி.ஏ. சுருக்கமாக
>
> வயது: பயிற்சி தொடங்கும்போது பதினாறரை முதல் பத்தொன்பதரை வரை. யாருக்கும் தளர்வு கிடையாது. திருமணம் ஆகியிருக்கக் கூடாது.
>
> படிப்பு: தரைப்படைக்கு எந்தக் குரூப் எடுத்தவரும் எழுதலாம். கடற்படை, விமானப்படைக்கு இயற்பியல், வேதியியல், கணிதம் வேண்டும். பன்னிரண்டாம் வகுப்பில் படித்துக்கொண்டிருக்கும்போதே விண்ணப்பிக்கலாம்.
>
> எழுத்துத் தேர்வு: கணிதம் 300 மதிப்பெண், பொதுத்திறன் 600. இந்த 600-இல் ஆங்கிலத்துக்கு 200. தவறான விடைக்கு மூன்றில் ஒரு பங்கு கழியும்.
>
> அதன் பிறகு படைத் தேர்வு வாரியத்தின் (எஸ்.எஸ்.பி.) நேர்முகத் தேர்வு: 900 மதிப்பெண்.
>
> இடங்கள்: ஒரு தேர்வுக்கு ஏறத்தாழ 400. எழுதுபவர்கள் லட்சக்கணக்கில்.
>
> கட்டணம்: 100 ரூபாய். பட்டியல் சாதியினர், பழங்குடியினர், பெண்களுக்கு இலவசம்.
>
> பயிற்சி: கடக்வாஸ்லாவில் 3 ஆண்டு, பிறகு அந்தந்தப் படையின் அகாடமியில் ஏறத்தாழ 1 ஆண்டு. பட்டம் தருவது டெல்லி ஜவஹர்லால் நேரு பல்கலைக்கழகம்.

சிப்பாய்க்குத் தமிழ், அதிகாரிக்கு இல்லை

அக்னிபத்தில் சேரும் அக்னிவீர்களுக்கான எழுத்துத் தேர்வை இப்போது தமிழில் எழுதலாம். 13 மொழிகளில் நடக்கிறது. சி.ஆர்.பி.எஃப். காவலர் தேர்வு இந்தியிலும் ஆங்கிலத்திலும் மட்டுமே என்று 2023-இல் அறிவிப்பு வந்தபோது தமிழக முதல்வர் ஸ்டாலின் உள்துறை அமைச்சருக்குக் கடிதம் எழுதினார். அந்த ஆண்டு ஏப்ரலிலேயே மத்திய ஆயுதக் காவல் படைகளின் காவலர் தேர்வைத் தமிழ் உட்பட 13 மாநில மொழிகளிலும் நடத்த முடிவானது. ஐ.ஏ.எஸ். முதன்மைத் தேர்வைத் தமிழில் எழுதித் தேறியவர்கள் இருக்கிறார்கள். என்.டி.ஏ. கேள்வித்தாளோ இன்றும் ஆங்கிலம், இந்தி இரண்டில் மட்டும். துப்பாக்கி பிடிக்கத் தமிழ் போதும், கட்டளையிடப் போதாது என்று பொருளாகிவிடுகிறது. இதைப் பற்றி நாடாளுமன்றத்தில் முழங்க வேண்டியவர்கள் காவலர் தேர்வோடு நின்றுவிட்டார்கள்.

உத்தரப்பிரதேசத்துப் பையன் தாய்மொழியில் கணக்குப் போடும் அதே இரண்டரை மணி நேரத்தில், தமிழ் வழியில் படித்த ஆரணிப் பையன் முதலில் கேள்வியை மொழிபெயர்த்து, பிறகு கணக்குப் போட வேண்டும். 120 கேள்விகள், ஒன்றுக்கு 75 விநாடி. கணக்குத் தெரியாமல் தோற்பவர்களைவிட கேள்வி புரிய நேரமாகித் தோற்பவர்கள் அதிகம் இருப்பார்கள் என்று ஊகிக்கப் பெரிய ஆராய்ச்சி தேவையில்லை.

தமிழ்நாட்டுப் பெற்றோருக்கு அதிர்ச்சி தரும் இன்னொரு விஷயமும் உண்டு. இங்கே இட ஒதுக்கீடு இல்லை. மருத்துவத்திலும் பொறியியலிலும் அரசுப் பள்ளி மாணவருக்கு இருக்கும் 7.5 விழுக்காடு போன்ற ஏற்பாடும் இல்லை. வரிசையில் நின்று வாங்கிய சாதிச் சான்று கட்டண விலக்கோடு தன் வேலையை முடித்துக்கொள்ளும்.

எனவே ஆசை பன்னிரண்டாம் வகுப்பில் வந்தால் தாமதம். பத்தாம் வகுப்பு விடுமுறையில் ஆங்கிலக் கணக்குப் புத்தகத்தைத் தமிழ்ப் புத்தகத்தின் பக்கத்தில் வைத்துக்கொண்டு உட்கார்ந்தவனுக்கு வாய்ப்பு உண்டு. மகாராஷ்டிர அரசு 1977-இலேயே அவுரங்காபாத்தில் இதற்கென்று ஒரு பயிற்சி நிறுவனம் தொடங்கி, பிளஸ் ஒன், பிளஸ் டூ பையன்களைத் தங்கவைத்துத் தயாரிக்கிறது. பஞ்சாப் மொகாலியில் அப்படியொன்றை நடத்துகிறது. நம் மாநிலத்தில் உடுமலைப்பேட்டை அருகே அமராவதிநகரில் 1962 முதல் சைனிக் பள்ளி இருக்கிறது, உண்மைதான். அதற்கு ஆறாம் வகுப்பிலோ ஒன்பதிலோ சேர்ந்திருக்க வேண்டும். டேராடூன் ராணுவக் கல்லூரிக்கு டி.என்.பி.எஸ்.சி. நடத்தும் நுழைவுத் தேர்வும் எட்டாம் வகுப்போடு முடிந்துவிடுகிறது. பதினாறு வயதில் ஆசைப்படும் நெசவாளர் வீட்டுப் பிள்ளைக்கு இவை மூடிய கதவுகள்.

எந்த மாதம் எழுதுவது?

சின்னக் கேள்விபோலத் தெரியும். குடும்பத்துக்குப் பணம் மிச்சமாவதும் வீணாவதும் இதில்தான் இருக்கிறது.

பன்னிரண்டாம் வகுப்பின் நடுவில், செப்டம்பர் தேர்வை எழுதினால், தேறியவர் அடுத்த ஜூலையில் சேர்வார். பொதுத்தேர்வு, அதன் முடிவு, அகாடமி என்று வரிசை சரியாக விழும். ஏப்ரல் தேர்வை எழுதினால் சேர்வது அடுத்த ஜனவரியில். நடுவில் கவுன்சலிங் வந்துவிடும். கல்லூரியில் சேர்ந்து, பணம் கட்டி, அசல் சான்றிதழ்களைக் கொடுத்துவிட்டு, நான்கு மாதம் கழித்து ‘நான் போகிறேன்’ என்று அவற்றைத் திரும்ப வாங்க அலைய வேண்டிவரும். செப்டம்பரில் தவறினால் ஏப்ரலில் எழுதலாம். வயது இடம் கொடுக்கும்வரை எத்தனை முறையும் எழுதலாம். கல்லூரி இடத்தை மட்டும் கைவிட்டுவிடக் கூடாது. நானூறு இடத்தை நம்பி ஒரு வருஷம் வீட்டில் உட்கார்ந்து படிப்பது தறிக்குடும்பம் தாங்கக்கூடிய சூதாட்டம் அல்ல.

காட்பாடியில் ஏறி, ஐந்து நாள்

எழுத்துத் தேர்வில் தேறியவர்களில் பெரும்பாலோர் விழுவது எஸ்.எஸ்.பி.யில். தரைப்படைக்குத் தென்னாட்டில் பெங்களூரு மையம் இருக்கிறது. காட்பாடியில் ரயில் ஏறினால் சில மணி நேரம். இந்த வகைத் தேர்வுக்கு முதல்முறை போகிறவருக்கு ரயில் கட்டணத்தைத் திருப்பித் தருவார்கள்.

முதல் நாளே பாதிக்கும் மேற்பட்டோரைத் திருப்பி அனுப்பிவிடுவது வழக்கம். மங்கலான ஒரு படத்தைக் காட்டிக் கதை எழுதச் சொல்வார்கள். பிறகு பத்துப் பதினைந்து பேர் வட்டமாக உட்கார்ந்து பொதுவான ஒரு கதைக்கு வர வேண்டும். எல்லோரும் ஒரே நேரத்தில் கத்துவார்கள். அங்கே கத்தாமலும் காணாமல் போகாமலும் இருப்பவன் தங்குகிறான். அடுத்த நாள் 60 சொற்கள். ஒவ்வொன்றையும் 15 விநாடிக்குள் ஒரு வாக்கியமாக்க வேண்டும். அரை மணி நேரத்தில் 60 நெருக்கடிச் சூழல்களுக்கு ‘நீ என்ன செய்வாய்’ என்று எழுத வேண்டும். மைதானத்தில் பலகை, கயிறு, பீப்பாய் கொடுத்துக் குழுவாகத் தடை தாண்டச் சொல்வார்கள். ஒரு நீண்ட நேர்காணல். கடைசி நாள் எல்லா அதிகாரிகளும் ஒன்றாக அமர்ந்து முடிவு செய்வார்கள்.

பட்டுப் புடவை வாங்கத் தெரிந்தவர் முந்தானையைப் பார்த்து மயங்க மாட்டார். புடவையைத் திருப்பிப் பின்பக்கத்து இழையைப் பார்ப்பார். எஸ்.எஸ்.பி. அதைத்தான் செய்கிறது. எழுத்தில், மைதானத்தில், நேர்காணலில் என்று மூன்று பேர் மூன்று விதமாகப் பார்த்த பையன் ஒரே ஆளாகத் தெரிகிறானா என்பதே சோதனை. மனப்பாடம் செய்த ‘நாட்டுக்காக உயிரையும் கொடுப்பேன்’ வாக்கியங்கள் இரண்டாம் நாளே வெளுத்துவிடும். வீட்டு வருமானம் என்ன, அப்பா என்ன செய்கிறார், அவருக்கு எந்த வேலையில் உதவுகிறாய் என்று கேட்பார்கள். இங்கே தறிவீட்டுப் பிள்ளைக்கு நிஜமாகச் சொல்ல விஷயம் இருக்கிறது. தார் சுற்றியிருக்கிறான், பாவு பிணைக்கும்போது கூட நின்றிருக்கிறான், கூலி பாக்கி கேட்க முதலாளி வீட்டு வாசலில் காத்திருந்திருக்கிறான். ‘பிசினஸ்’ என்று பூசி மெழுகாமல் இதைச் சுமாரான ஆங்கிலத்தில் சொன்னாலே போதும். இலக்கணப் பிழைக்காக அங்கே யாரும் துரத்துவதில்லை. பேசவே கூச்சப்படுபவன்தான் தங்குவதில்லை.

அப்புறம் மருத்துவச் சோதனை. தட்டைப் பாதம், முட்டிகள் இடிக்கும் கால், நிறக்குருடு, காலில் புடைத்த நரம்பு, சொத்தைப் பல் என்று பல காரணங்களுக்காக ஆள் திரும்பி வருவான். இவற்றில் பாதி, முன்பே தெரிந்தால் சரிசெய்யக்கூடியவை. மீதி, முன்பே தெரிந்தால் இரண்டு வருஷ உழைப்பை மிச்சப்படுத்தும். ஆரணி அரசு மருத்துவமனையில் ஒரு காலை நேரம் செலவழித்தால் ஓரளவு தெரிந்துவிடும். பச்சை குத்துவதற்கும் கட்டுப்பாடு உண்டு. காதலியின் பெயரை எங்கே எழுதிக்கொள்வது என்று பதினெட்டு வயதில் முடிவெடுப்பவர்கள் கவனிக்கவும்.

மகளாக இருந்தால்

குஷ் கால்ரா தொடுத்த வழக்கில் 2021 ஆகஸ்ட் 18 அன்று உச்ச நீதிமன்றம் பிறப்பித்த இடைக்கால உத்தரவுதான் என்.டி.ஏ. தேர்வைப் பெண்களுக்குத் திறந்தது. அதுவரை பெண் அதிகாரியாக வேண்டுமென்றால் பெரும்பாலும் பட்டம் முடித்தாக வேண்டும். 2022-இல் முதல் தொகுதியாக 19 பேர் சேர்ந்தார்கள். 2025-இல் 17 பேர் முடித்தார்கள். பயிற்சி ஏறத்தாழ ஒன்றுதான். தரைப்படையில் காலாட்படையும் டாங்கிப் படையும் இன்னும் அவர்களுக்குத் திறக்கவில்லை.

ஆரணியில் மகளை நர்சிங் படிக்க வேலூருக்கோ சென்னைக்கோ அனுப்பத் தயங்காத வீடுகள் இதற்குத் தயங்குகின்றன. ஆபத்தை நினைத்து என்று சொல்வார்கள். பேச்சு நீண்டால் கல்யாணத்தில் வந்து நிற்கும். பயிற்சி முடியும்வரை மணம் கூடாது என்பது விதி. முடியும்போது அவளுக்கு இருபத்திரண்டு வயதுதான் இருக்கும். எந்த இன்ஜினீயரிங் பெண்ணுக்கும் அதே வயதுதானே? மாப்பிள்ளை கிடைப்பானா என்ற கேள்விக்கு மட்டும் எந்த அகாடமியிடமும் பதில் இல்லை. மாதம் 56,100 ரூபாய் அடிப்படைச் சம்பளத்தில் தொடங்கும் லெப்டினன்ட்டுக்கு வரன் தேடுவது, தறிக்கூலி வாங்கும் வீட்டில் சீர் சேர்ப்பதைவிடக் கடினமாக இருக்குமென்று எனக்குத் தோன்றவில்லை.

> பெட்டிச் செய்தி: கையெழுத்துப் போடும் முன்
>
> சேரும்போது பெற்றோர் கையெழுத்திடும் தாள்களில் இரண்டு முக்கியமானவை.
>
> ஒன்று: பயிற்சியில் காயமோ உயிரிழப்போ நேர்ந்தால் அரசிடம் இழப்பீடு கோர உரிமை இல்லை என்பதைப் புரிந்துகொண்டதாக ஒரு சான்று.
>
> இரண்டு: பிள்ளை தன் விருப்பத்தால் நடுவில் விலகினால், அதுவரை ஆன பயிற்சிச் செலவைத் திருப்பிக் கட்டுவதாக ஒரு பத்திரம்.
>
> பயிற்சி, உணவு, தங்குமிடத்துக்குக் கட்டணம் இல்லை. உடைக்கும் கைச்செலவுக்கும் தொடக்கத்தில் ஒரு தொகை தேவைப்படும். முதல் மூன்று ஆண்டில் சம்பளம் கிடையாது. இறுதி ஆண்டில் தரைப்படை அகாடமியில் மாதம் 56,100 ரூபாய் உதவித்தொகை.

முட்டி உடைந்தால்?

‘சண்டையில் என்ன ஆகுமோ’ என்று அம்மாக்கள் பயப்படுகிறார்கள். அதைவிட அருகில் இருக்கும் ஆபத்தைப் பற்றி யாரும் பேசுவதில்லை. அகாடமியில் இருக்கும்வரை உங்கள் பிள்ளை படைவீரர் அல்ல, பயிற்சி மாணவர். பயிற்சியில் முதுகெலும்பு அடிபட்டு வெளியேற்றப்பட்டால் அவர் முன்னாள் படைவீரரும் அல்ல. 1985 முதல் இப்படி வெளியேறியவர்கள் சுமார் 500 பேர் என்ற பத்திரிகைச் செய்தியை அடுத்து, 2025 ஆகஸ்டில் உச்ச நீதிமன்றம் தானாகவே வழக்கெடுத்தது. சக்கர நாற்காலியிலும் படுக்கையிலும் முடங்கியவர்களுக்கு மாதம் அதிகபட்சம் 40,000 ரூபாய் அளவில் கருணைத்தொகை மட்டுமே கிடைத்துவந்தது. மருத்துவச் செலவுக்கே அது போதவில்லை. வழக்குக்குப் பிறகு அதே மாத இறுதியில், முன்னாள் படைவீரருக்கான மருத்துவத் திட்டத்தில் இவர்களையும் அரசு சேர்த்தது. நாற்பது ஆண்டு கழித்து.

இதைப் பயமுறுத்தச் சொல்லவில்லை. ஆண்டுதோறும் நூற்றுக்கணக்கானோர் பயிற்சியை முடித்து நலமாக வெளியே வருகிறார்கள். ஆனால் பத்திரத்தில் கையெழுத்திடும் அப்பாவுக்கு இது தெரிந்திருக்க வேண்டும். ஆங்கிலத்தில் இருக்கும் தாளை ‘எல்லாரும் போடறாங்க, போடுப்பா’ என்று பிள்ளை நீட்டும் இடத்தில் குடும்பம் ஒரு நாள் நிற்கலாம்.

விண்ணப்பிப்பதா என்ற கேள்விக்கு என் பதில் சுருக்கமானது: விண்ணப்பியுங்கள். நூறு ரூபாய் யாரையும் எதிலும் கட்டிவைக்காது. படிக்கும் கணக்கும் ஆங்கிலமும் வேறு தேர்வுக்கு ஆகும், எஸ்.எஸ்.பி.யின் ஐந்து நாள் எந்தக் கல்லூரியும் தராத அனுபவம். சேருவதா என்பது வேறு கேள்வி. அது பத்திரத்தோடுதான் வரும், அதற்கு ஒரு வருஷம் இருக்கிறது. நம் வீடுகளில் இரண்டாம் கேள்விக்குப் பயந்து முதல் கேள்வியையே அடைத்துவிடுகிறோம். அல்லது முதலில் சரி என்று சொன்னதாலேயே இரண்டாவதைக் கேட்காமல் விடுகிறோம். நடுவில் ‘வேண்டாம்’ என்று சொல்லும் பிள்ளையைக் கோழை என்று பேசும் மாமாக்கள் எல்லாக் குடும்பத்திலும் இருப்பார்கள். அவர்களைப் பத்திரத்தில் சாட்சிக் கையெழுத்துப் போடச் சொன்னால் அடங்கிவிடுவார்கள்.

பத்தொன்பதரை தாண்டிவிட்டதா?

அமரன் பார்த்துவிட்டு என்.டி.ஏ. கனவு காண்பவர்கள் கவனிக்காத ஒன்று: அந்தப் படம் சொல்லும் மேஜர் முகுந்த் வரதராஜன் கடக்வாஸ்லாவுக்குப் போனவர் அல்ல. காமர்ஸ் பட்டம் பெற்று, சென்னைக் கிறித்தவக் கல்லூரியில் இதழியல் படித்து, அதன்பின் சி.டி.எஸ். தேர்வெழுதிச் சென்னைப் பரங்கிமலை அதிகாரிகள் பயிற்சி அகாடமியில் சேர்ந்தவர். 2006-இல் படைக்கு வந்தார். இலங்கையில் 1987-இல் உயிர்நீத்துப் பரம் வீர் சக்ரா பெற்ற மேஜர் ராமசாமி பரமேஸ்வரனும் பரங்கிமலையில் பயிற்சி பெற்றவர். சிந்தூர் விளக்கக் கூட்டங்களில் நாடு பார்த்த கர்னல் சோபியா குரேஷி 1999-இல் அங்கிருந்துதான் வந்தார்.

1963-இல் தொடங்கிய அந்த அகாடமி ஆரணியிலிருந்து ஒரு பகல் பஸ் தூரம். 1992 முதல் அங்கே பெண்களும் பயிற்சி பெறுகிறார்கள். பயிற்சிக் காலம் ஓராண்டுக்கும் சற்றுக் குறைவு. பத்து ஆண்டுப் பணி, விரும்பினால் மேலும் நான்கு.

> பெட்டிச் செய்தி: என்.டி.ஏ. தவிர மற்ற வழிகள்
>
> சி.டி.எஸ். (ஒருங்கிணைந்த பாதுகாப்புப் பணித் தேர்வு): தரைப்படைக்கு எந்தப் பட்டமும் போதும். ஆண்டுக்கு இருமுறை. ஏறத்தாழ 24, 25 வயது வரை. பரங்கிமலை அகாடமிக்கு மட்டும் எழுதினால் கணிதத் தாள் கிடையாது.
>
> என்.சி.சி. வழி: ‘சி’ சான்றிதழ் வைத்திருக்கும் பட்டதாரிக்கு எழுத்துத் தேர்வே இல்லை, நேராக எஸ்.எஸ்.பி.
>
> பொறியாளர் வழி: பி.இ. முடித்தவர், இறுதியாண்டு படிப்பவர் 27 வயது வரை. இதற்கும் எழுத்துத் தேர்வு இல்லை.
>
> ஜே.இ.இ. வழி (பத்தொன்பதரை தாண்டாதவருக்கு): பிளஸ் டூ முடித்தவர் ஜே.இ.இ. மெயின் தேர்வு மூலம் கடற்படையின் எழிமலை அகாடமியில் பி.டெக். சேரலாம்.

கணிதம் வராது, ஆனால் படைக்குப் போக ஆசை என்று தவிக்கும் பி.ஏ., பி.காம். பிள்ளைகள் இந்தப் பெட்டியின் முதல் இரண்டு வரிகளை இன்னொரு முறை படிக்கலாம். கல்லூரியில் சேர்ந்த முதல் வாரத்தில் என்.சி.சி.யில் பெயர் கொடுக்கிறானா இல்லையா என்பது மூன்று வருஷம் கழித்து ஒரு எழுத்துத் தேர்வையே இல்லாமல் செய்துவிடும்.

இனி, யாரிடம் கேட்பது? திருவண்ணாமலையில் முன்னாள் படைவீரர் நல அலுவலகம் இருக்கிறது. அதைவிடப் பக்கத்தில், அடுத்த தெருவில் ஓய்வுபெற்ற சுபேதார் ஒருவர் இருப்பார். அவர் அதிகாரி இல்லை. முப்பது வருஷம் அதிகாரிகளைப் பக்கத்திலிருந்து பார்த்தவர். கடக்வாஸ்லாவிலிருந்து புதிதாக வந்த இருபத்தோரு, இருபத்திரண்டு வயது லெப்டினன்ட்டுகளுக்கு வேலை பழக்கியவர். அவரிடம் போய் ‘என் பையன் சேரலாமாண்ணா’ என்று கேட்டால் ‘தாராளமா’ என்று ஒரு சொல்லில் முடித்துவிடுவார். ‘புதுசா வந்த ஆபீசருங்கள்ல யாருக்கு ஜவான்கள் மரியாதை கொடுத்தாங்க, யாருக்குக் கொடுக்கல, ஏன்?’ என்று கேளுங்கள். நாற்காலியை இழுத்துப்போட்டு, உள்ளே திரும்பி இரண்டு டீ சொல்வார். பையனையும் கூட்டிக்கொண்டு போங்கள்.